ஒன்பதாம் எண் குவார்ட்டர்ஸ்

எங்கள் பள்ளிக்கூடத்துக் குவார்ட்டர்ஸில் இடமிருந்து வலமாக வீடு மாறுகிறவர்கள் சுருங்கிப் போவார்கள். முதல் வீட்டில் ஆறடி இருந்தவர் நாலாம் வீட்டில் ஐந்தடி ஆவார்; ஏழாம் வீட்டுக்கு வரும்போது மனைவியின் முழங்கை உயரம்தான் மிஞ்சும். முன்வரிசையில் எட்டு வீடுகள். வீடு ஒதுக்குவது சர்வீஸ் கணக்கில் என்பதால், சீனியர் ஆக ஆக ஆள் சிறுத்தார். பக்கத்துத் தெரு தையல்காரர் இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்று இருந்தார். "இந்த வருஷம் யாருக்கு புரமோஷன்?" என்று விசாரித்துக்கொண்டு, கத்தரியைத் தீட்டி வைத்துவிடுவார்.

கதவில் யார் பெயர்ப்பலகை தொங்குகிறதோ அவரைத்தான் அது பிடிக்கும். குடும்பத்தாருக்கு ஒன்றும் ஆகாது. முன்வரிசையில் எல்லா வீட்டிலும் அதே இரண்டு அறைகள்தான். ஆனால் வலப்பக்கம் போகப் போக, ஆளின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆசைக்குப் பலம் ஏறி, அவரை நாலாபுறமிருந்தும் உள்ளே இழுத்தது. குணமும் கூடவே மாறியது. முதல் வீட்டுக்காரர் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பார். ஏழாம் வீட்டுக்காரர் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்வார். எட்டாம் வீட்டுக்காரருக்கு எல்லாம் நிரம்பிவிட்டதால் எதுவுமே வேண்டாம். நாங்கள் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள் என்பதால், இது தண்ணீர்க் குழாயின் கோளாறு என்று முடிவு கட்டி, குழாயை இரண்டு முறை மாற்றிப் பார்த்தோம்.

எங்களிலேயே கடைசியாகப் புரிந்துகொண்டவர் கெமிஸ்ட்ரி வாத்தியார். தனிம அட்டவணையில் இடமிருந்து வலம் போகப் போக அணு சிறுக்கும் என்று வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்தியவர் அவர்தான். "எலக்ட்ரான் கூடுது, அதனால சைஸும் கூடும்னு எழுதியிருக்கியே, உள்ளே இழுக்கிற பலமும் கூடுதே, அது கண்ணுக்குத் தெரியலையா?" என்று பரீட்சைத் தாள்களைச் சிவப்பு மையால் கிழித்தெடுப்பார். தன் விஷயத்தில் அதே தப்பைச் செய்தார். பதவி கூடுகிறது, சாமான் கூடுகிறது, ஆகவே நாமும் பெருப்போம் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் ஒரு சைஸ் பெரிய சட்டையாகத் தைத்துக்கொண்டார். போட முடியாத அந்தச் சட்டைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சேர்ந்தன.

முதல் வீட்டில் இருந்தபோது, காற்றடிக்கும் பம்ப் கேட்டு வந்த யாரோ ஒருவருக்கு, சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியவர் அவர். தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்த பெண் அந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்து, அந்த ஆளையே கட்டிக்கொண்டாள். ஏழாம் வீட்டுக்கு வந்தபோது அவர் அடுத்த வீட்டுப் பேப்பர், எதிர்க்கொடியில் இருந்த துணி கிளிப்புகள், ஒரு காலிங் பெல் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டிருந்தார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்" என்று புலம்புவார். அது எது என்று அவருக்கே தெரியாது.

"நான் ஒருத்தி இருக்கேனே, அது எண்ணிக்கைல வரலையா?" என்று கேட்டாள் மனைவி.

"நீதான் ஏற்கெனவே இருக்கியே" என்றார் அவர்.

அந்த வருஷம் ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றார். எட்டாம் வீடு வாத்தியாருக்கு வந்தது. ஹெட்மாஸ்டரின் மனைவி போகும்போது வாத்தியார் வீட்டு வாசலில் நின்று அவர் மனைவியிடம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் நல்லவர்தாம்மா. சண்டையே கிடையாது. ஆனா என்னை வேண்டாம்னுகூட இதுவரைக்கும் சொன்னதில்ல." இவள் அன்றைக்குத் தபால் ஆபீஸில் எல்லாக் கவர்களிலும் முத்திரையைத் தலைகீழாகக் குத்தினாள்.

எட்டுக்கு அப்புறம் மூலை திரும்பினால் பின்வரிசை. அதில் ஒன்பதாம் எண் வீடு எப்போதும் பூட்டியே கிடந்தது. எட்டிலேயே ஆள் இத்தனூண்டு என்றால் ஒன்பதில் கடுகாகிக் காணாமல் போய்விடுவோம் என்பது எங்கள் பயம். இதை எங்களுக்கு விஞ்ஞானபூர்வமாக விளக்கியவரும் கெமிஸ்ட்ரி வாத்தியாரே.

மூட்டை கட்டும் நாளில், சுவரில் மாட்டியிருந்த தனிம அட்டவணையைச் சுருட்ட வாத்தியாரும் மனைவியும் ஆளுக்கொரு ஓரம் பிடித்தார்கள்.

"நேரா சுத்துங்க."

"நான் நேராத்தான் சுத்தறேன். நீதான் பனைமரமாட்டம் நிக்கறே."

அவள் உயரத்துக்கும் இவர் குள்ளத்துக்கும் நடுவே அட்டவணை சாய்ந்து சுருண்டது. ஒரு வரிசையின் கடைசிக் கட்டம் போய் அடுத்த வரிசையின் முதல் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. வாத்தியார் அதை ரொம்ப நேரம் பார்த்தார். யார் கேட்டாலும் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடும் சோடியம், எதுவும் வேண்டாத நியானுக்கு அடுத்த வாசலில் நின்றது. எத்தனையோ வருஷம் அவரே நடத்திய பாடம்.

"ஒன்பது கடைசி இல்ல. திரும்ப ஆரம்பம்" என்றார் மெல்ல.

"அப்ப அங்கேயே போயிடலாங்க."

"எட்டு என் உரிமை!" என்று பெயர்ப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் பிடுங்கவில்லை. பிடுங்கினாலும் ஏழாம் வீட்டுக்காரரிடமிருந்து வராது. "எட்டுல நானும் தேவைப்படமாட்டேங்க உங்களுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எட்டைத் தாண்டி, மூலை திரும்பி, ஒன்பதின் வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் அவரவர் ஜன்னலில் நின்று, உதவி எதுவும் செய்யாமல் பார்த்தோம்.

வெயில் சாயும் நேரத்தில் அவர் வந்தார். எட்டின் வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு மூலை திரும்பி, பலகையை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"நீயே மாட்டு. எனக்கு எட்டாது."

அவள் சிரித்த சிரிப்பு முதல் வீடு வரை கேட்டது.

பலகை ஆணியில் விழுந்ததும் வாத்தியாரின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. பின்வரிசை வீடுகளில் ஒரு அறை கூடுதல் என்பதால், அவர் முதல் வீட்டில் இருந்ததைவிடப் பெரியவரானார். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த சட்டை கச்சிதமாகப் பொருந்தியது. இருட்டுவதற்குள் கிளிப்புகளும் காலிங் பெல்லும் அட்டவணையும் போய்விட்டன. சாவி கேட்டு வந்த பிளம்பருக்குக் கதவையே கழற்றிக் கொடுத்தார். பலகையை மட்டும் அவள் பறித்து நிலையில் அடித்தாள். அந்த வருஷப் பரீட்சையில், வலம் போகப் போக அணு பெருக்கும் என்று எழுதியவர்களுக்கும் முழு மார்க்.

இப்போது அந்த வாசலில் ஒரு நீலத் திரை தொங்குகிறது. காலையில் தபால் ஆபீஸுக்குப் போகும்போது அதைக் கழற்றி, மடித்து, பையில் போட்டுக்கொண்டு போகிறாள். யாராவது வந்து கேட்டுவிட்டால் என்ன செய்வது?