கண்ணில் விழுந்த முடி

என் தம்பி சலூன் வைத்திருக்கிறான். தலையைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது.

அவனுக்கு விவாகரத்து ஆன பிறகு மகள் அம்மாவோடு இருக்கிறாள். ஞாயிறு மதியம் மட்டும் என் வீட்டில், என் முன்னிலையில் அவன் அவளைப் பார்க்கலாம் என்றது கோர்ட். ஒருவரையொருவர் கேட்காமல் குழந்தை விஷயத்தில் எதுவும் செய்யக்கூடாது என்றும் சொன்னது. ஆறு மாசம் புகார் இல்லாமல் போனால், சனி ஞாயிறு அவன் வீட்டிலேயே தங்க அனுமதி கிடைக்கும். அதற்காகவே அவன் புது மெத்தை வாங்கி, உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கடைசி ஞாயிறு நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள், அவள் நெற்றி முடியைப் புருவத்துக்கு மேலே ஸ்கேல் வைத்தாற்போல் வெட்டிவிட்டிருந்தான் பாவி.

"என்னடா பண்ணித் தொலைச்ச? அவ அம்மாகிட்ட கேட்டியா?"

"கண்ணுல விழுதுக்கா. இதுக்குமா கேக்கணும்?"

கேட்கத்தான் வேண்டும். வீடு மாற்றியது, ஸ்கூல் மாற்றியது என்று எல்லாம் ஒருவரையொருவர் கேட்காமல் செய்துதானே அந்தக் குடும்பமே உடைந்தது? ஸ்கூல் ஆண்டு விழா நடனத்துக்காகக் குழந்தையின் அம்மா ஆசையாய் வளர்த்துவிட்ட முடி அது. அவள் புகார் கொடுத்ததை நான் எந்த வாயால் தப்பு என்பேன்?

நீதிபதி அம்மாள் குழந்தையிடம் மெதுவாகத்தான் கேட்டார். "யாரும்மா முடி வெட்டினது?"

ஏழு வயசு. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். "நானேதான் வெட்டிக்கிட்டேன். அப்பா தூங்கிட்டு இருந்தாரு."

நீதிபதியின் முகம் மாறியது. "இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

தம்பி எழுந்துவிட்டான். "மேடம், நான்தான் வெட்டினேன். யாரும் சொல்லித் தரல. என்னைக் காப்பாத்தணும்னு அதுவாச் சொல்லுது."

"உங்களுக்காக இந்தக் குழந்தை பொய் சொல்ற நிலைமைக்கு வந்துடுச்சு, பாத்தீங்களா?" என்றார் நீதிபதி. தங்க அனுமதியில்லை. பழையபடி ஞாயிறு மதியம் மட்டும்தான்.

வெளியே வந்ததும் குழந்தையின் அம்மா அவனிடம், "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சரின்னுதானே சொல்லியிருப்பேன்" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. குரல் உடைந்திருந்தது. சேர்ந்து வாழ்ந்தபோதே அவளும் இவனைக் கேட்டிருக்கலாம், இவனும் அவளைக் கேட்டிருக்கலாம், என்ன சொல்லி என்ன!

அவன் மகள் முன்னால் மண்டியிட்டான். "அப்பா மேல கோவமா செல்லம்?"

"பொய் சொன்னா நீ மாட்டிவிடுற. நிஜம் சொன்னா உன்னைத் திட்டுவாங்க. இனிமே யாரு கேட்டாலும் நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேன்."

அடுத்த ஞாயிறும் வந்தாள். பசிக்கிறதா என்றால் தலையாட்டினாள். ஸ்கூலில் என்ன நடந்தது என்று அவன் கேட்டபோது மட்டும், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள்.