சீசாவில் ஒரு கோடு

1

இந்தக் கதை ஒரு மூத்திர சீசாவில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் கிடைக்குமா என்று மூன்று தடவை எழுதி அடித்தேன். 'சேரப்பணஞ்சேரி ஏரி நிரம்பித் தளும்பிய அந்த 1977-ஆம் வருஷம்...' ஏரிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் நான் அப்போது டெக்னீஷியன். சீசாவில் கோடு போட்டவன் நான்தான்.

2

கிளாரா (பெயர் நான் வைத்தது) சேரப்பணஞ்சேரிக்காரி. சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று, சர்ச் சாமியாரிடம் விசேஷ அனுமதி வாங்கி, தாய்மாமன் மரியஜோசப்புக்கே கட்டிவைத்தார்கள். மூத்தவன் தாவீதுக்கு ஐந்து வயது. அவன் முகம்—

[முடிக்க வரவில்லை. தடித்த நாக்கு, மங்கிய கண், மடங்கிய விரல் என்று எழுதினால் கேஸ் ஷீட் ஆகிவிடும். அவளுக்கு அவன் பிள்ளை.]

டாக்டர் சொன்னதை அவள் இப்படிப் புரிந்துகொண்டாள்: செங்கல்லுக்கு நடுவே கலவை மாதிரி, உடம்பின் செல்களுக்கு நடுவே ஒரு பசை இருக்கிறது. மூட்டு மடங்குவதும் கண் தெளிவாக இருப்பதும் அதன் தயவு. பழசான பசையை உடம்பே அரைத்து வெளியே தள்ள வேண்டும். தாவீதின் உடம்புக்கு அரைக்கத் தெரியவில்லை. கண்ணிலும் ஈரலிலும் இதயத்திலும் அது தேங்குகிறது. மருந்து கிடையாது. பத்து வயசு தாண்டுவது கஷ்டம்.

(அந்தப் பசைக்கு புரோட்டியோகிளைக்கன் என்று பெயர். இரண்டாம் தடவை சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

மடியில் நாலு மாசச் சகாயமேரி. "இவளுக்கும் வருமா சார்?" அது ஒன்றைத்தான் கேட்டாள். பிறக்கிற ஒவ்வொன்றுக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து என்றார் டாக்டர். இவளுக்கும் இருந்தால் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்வதென்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

3

"இந்தக் கோடு வரைக்கும் இருக்கணும். கம்மின்னா திருப்பி அனுப்பிடுவேன்." சகாயமேரியின் சோதனைக்குச் சீசாவைக் கொடுத்து, சர்க்கார் மிடுக்கோடு நான் சொன்னது.

பச்சைப்பிள்ளை எவ்வளவு பெய்யும்? விடிந்ததிலிருந்து கிண்ணமும் கையுமாக உட்கார்ந்தும் கால்வாசிதான் தேறியது. பஸ் வரும் நேரம். வீட்டுப் பீடத்தில் மாதா படத்தடியில் கோயில் தீர்த்தம் இருந்தது. மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரம் சொல்லிக்கொண்டே கோடு வரைக்கும் ஊற்றினாள். ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தீர்த்தம் பட்டுக் கெட்டுப்போனது எதுவாவது உண்டா?

4

வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, நீலச் சாயத்தில் தோய்த்துக் கழுவினால், நோய் இருந்தால் ஊதா வட்டம் தங்கும்; தண்ணீர் கலந்திருந்தால் நோய் இருந்தும் தங்காமல் போகலாம். தாவீதின் தாளில் நாவல்பழக் கறை. சகாயமேரியின் தாளில் ஒன்றுமில்லை. அவள் சீசா தண்ணீராய்த் தெளிந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் 'நோய் இல்லை' என்று எழுதினேன்.

அடுத்த வாரம் வாழைப்பழச் சீப்போடு வந்தாள்.

"மாதா காப்பாத்திட்டா சார். கொயந்த பேஞ்சது உங்க கோட்டுக்கு வரல. தீர்த்தத்த ஊத்திதான் ரொப்பினேன். அதான் வேல செஞ்சிகீது! ஆபரேஷன் வாணாம்னு மாமாவும் சொல்லிட்டாரு."

"எவ்ளோம்மா ஊத்தினே?"

"முக்காவாசி சார்."

5

முடிவு அ: "இன்னொரு தடவ எடுத்தாம்மா" என்றேன். சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைத் திருத்தினால் வேலை போய்விடுமென்று பயந்தேன்.

முடிவு ஆ: குழந்தைக்கு நிஜமாகவே ஒன்றுமில்லை. நாலில் மூன்று பங்கு. பதினோரு வருஷமாக இதைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குகிறேன்.

முடிவு இ: மூன்றாவதாக ஒரு பிள்ளை பிறந்து, அதன் விரல்கள்—

இல்லை. எழுதமாட்டேன்.

இந்தப் பக்கத்தில் அவள் இன்னும் லேப் வாசலில்தான் இருக்கிறாள். இடுப்பில் குழந்தை, செருப்பு மாட்டுகிறாள். நான் பயந்தாங்கொள்ளி, நீங்கள் கூப்பிடுங்கள். ஆனால் கிளாரா என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அது நான் வைத்த பெயர்.