பச்சை மூங்கிலும் ஒரு பானையும்

பழமலைக்கு இருந்தது ஒரே ஒரு வீம்புதான். ஒரு குடும்பத்தைக் கவிழ்க்க அது ஒன்று போதாதா?

விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு பீங்கான் கம்பெனி வைத்து, ஃபியூஸ் கட்டை செய்து விற்று, காரில் போய்வந்துகொண்டிருந்த மனிதர். சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார். இவர் காரையே விற்றார். பழைய ஸ்கூட்டர் சக்கரம் இரண்டைப் போட்டு, இரும்புச் சட்டத்தில் நீளமாக ஓர் இழுவை வண்டி வெல்டிங் செய்து, சைக்கிளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், ரிப்பேருக்குப் போகும் மிக்சி எல்லாம் அதில்தான். ஜங்ஷன் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘பழமலை ரயிலு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதிலும் பெருமை. ஏற்றிப்போக ஏதாவது இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார்.

மனைவி அம்சவல்லிக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. மகள் இளமதிக்கு முப்பது தாண்டிவிட்டது. கார் போன பிறகு வந்த இரண்டு வரன்களும் தெருமுனை வரை வந்து, இவர் சிலிண்டர் இழுத்துப் போவதைப் பார்த்துவிட்டு, நொடித்துப்போன வீடு என்று திரும்பிப் போனதாகத் தரகர் சொன்னார். போகட்டும், காரைக் கட்டிக்கொள்கிறவன் நமக்கு எதற்கு என்றார் பழமலை. சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. ராத்திரியில் மகளின் அறையில் விளக்கு எரிவதை யார் பார்த்தார்கள்?

மூன்றாவதாகத் திட்டக்குடியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். இளமதியோடு சில தடவை போனில் பேசினார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“இவரு பரவால்லப்பா. நாம பேசறத நின்னு கேக்கறாரு.”

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை. பழமலை கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக முடிவாயிற்று. பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துவிட்டால், அதாவது இலையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், சம்பந்தம் உறுதி. அதுவரைக்கும் தண்ணீர், காப்பியோடு சரி. இளமதி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு ஒருநாள் மட்டும் அந்த வண்டியை வெளியே எடுக்க வேண்டாம் என்றாள். பழமலை மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷாமியானாக்காரன் காலை வாரிவிட்டான். முகூர்த்த நாள், ஊரில் ஒரு பந்தல் துணி கிடையாது, ஒரு லோடு ஆட்டோ கிடையாது. சித்திரை வெயில் வாசலில் நெருப்பாய்க் கொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் ராகுகாலம் கழித்து மதியம்தான் வருகிறார்கள், அதற்குள் கீற்றுப் பந்தலே போட்டுவிடலாம் என்று பழமலைக்குத் தோன்றியது. குளித்துக்கொண்டிருந்த மகளிடம் சொல்லாமல் வண்டியை எடுத்தார். உள்ளுக்குள் ஒரு குஷியும் இருந்தது, பாவி மனுஷனுக்கு. என் வண்டிதான் கடைசியில் கைகொடுத்தது என்று சொல்லிக்காட்ட வேண்டாமா?

மூங்கில் கடையில் பச்சை மூங்கில் ஏற்றினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோப்பில் தென்னங்கீற்று வாங்கி மேலே போட்டார். வண்டிக்குப் பின்னால் மூங்கில் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை அதன் நுனியில் கட்டினார். அப்போது அம்சவல்லி போன் செய்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாளுக்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் ஆகாதாம், வரும்போது புது மண்பானை ஒன்று வாங்கி வரட்டும் என்றாள். பாலக்கரைக் கடைத்தெருவில் வாங்கிக் கீற்றின் மேல் வைத்துக் கட்டினார்.

வண்டி நகர்ந்ததும் ரோடு ஒதுங்கி வழிவிட்டது. என்றைக்கும் இல்லாத மரியாதை. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். டீக்கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். இரண்டடி முன்னால் வந்து மெதுவாகக் கேட்டார்.

“யாருங்க தவறிட்டாங்க?”

பழமலை திரும்பிப் பார்த்தார். பச்சை மூங்கில், கீற்று, புதுப் பானை, வெள்ளைத் துண்டு. ஒவ்வொன்றாக வாங்கும்போது எல்லாம் கல்யாணச் சாமான். ஒன்றாகக் கட்டியதும் பாடைச் சாமான். காராயிருந்தால் உள்ளே இருப்பது ஊருக்குத் தெரியாது. இது திறந்த வண்டி, என்ன போட்டாலும் ஊர் பார்க்கும்.

இறக்கிப் போட்டு இரண்டு நடையாகப் போயிருக்கலாம், பானையையாவது உடைத்துப் போட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான், மதியம்தானே வருகிறார்கள் என்று மிதித்தார். பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. ஜன்னலோரம் இருந்த அம்மாள் வண்டியைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கார்க்காரன் புத்தியே அவசரம்தான் என்று பழமலை திட்டிக்கொண்டே போனார். பாரத்தோடு மேட்டில் இறங்கித் தள்ளி, வீடு வந்து சேர அரைமணி ஆயிற்று.

அந்தக் கார்தான் அவர் வீட்டு வாசலில் நின்றது.

ராகுகாலத்துக்கு முன்பே பூவை வைத்துவிடலாம் என்று ஆண்டாளம்மாளுக்குத் தோன்றி, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்களாம். அம்சவல்லி அடித்த போன், மிதிக்கிற மும்முரத்தில் பழமலைக்குக் கேட்கவில்லை. வழியில் கெட்ட சகுனம் பட்டதென்று வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, தோஷத்தைக் கழித்திருக்கிறார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது. இலை போட்டாயிற்று. ஆண்டாளம்மாள் இலைமுன் உட்காரக் குனிந்த நேரத்தில், காரைக் கண்டு பதறிப் பழமலை வண்டியைத் திருப்ப, திறந்த வாசல் வழியாக மூங்கிலின் பின்நுனி உள்ளே நீண்டது.

அந்த அம்மாள் அப்படியே நிமிர்ந்தாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலாம். கைகூப்பித்தான் பேசினாள்.

“வழியில பாத்ததுக்கே தண்ணி குடிச்சிட்டு உக்காந்தோம். அது வூட்டுக்குள்ளயே வந்துடுச்சுங்களே. மன்னிச்சுக்குங்க.”

பந்தலுக்குத்தான் என்று பழமலை எவ்வளவோ சொன்னார். கும்பிட்டார். வண்டியைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிடுவதாகச் சொன்னார். மாப்பிள்ளை ஒரு தடவை இளமதியைப் பார்த்தார். நின்று கேட்கத் தெரிந்தவர்தான். அம்மா சொன்னதையும் நின்று கேட்டுவிட்டுப் பின்னாலேயே போய்க் காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பவில்லை, எதிர்வீட்டுப் பக்கிரி வந்துவிட்டார். கடைத்தெருவில் யாரோ சொல்லக் கேட்டு, துண்டை இடுப்பில் கட்டி, கையில் ரோஜா மாலையோடு. வண்டியைப் பார்த்தவர், அம்சவல்லி தலையில் கைவைத்து அழுவதையும் பார்த்தார். யாரு என்று கண்ணாலேயே கேட்டார். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக இளமதி வெளியே வந்தாள்.

“யாரும் சாவல மாமா. பூ வைக்க வந்தவங்க போயிட்டாங்க, அவ்ளோதான்.”

பக்கிரி கூசிப்போனார். சாவுக்கு வாங்கிய மாலையைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை மூங்கிலின் மேலேயே வைத்துவிட்டுத் தலைகுனிந்து போனார்.

மகள் திட்டுவாள் என்று பழமலை காத்திருந்தார். திட்டிவிட்டால் போதும் என்றிருந்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“இனிமே எனக்கு மாப்ள பாக்காதீங்கப்பா.”

உள்ளே போனாள். ஆண்டாளம்மாளுக்குப் போட்ட இலையின் முன்னால் உட்கார்ந்தாள். தானே சோற்றைப் போட்டு, தானே சாம்பாரை ஊற்றி, அந்த வீட்டில் அன்றைக்குக் கை நனைத்தாள். பழமலை சைக்கிளைப் பிடித்தபடி வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்.