எந்த இங்கி?

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டது என்றும் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கள் வீட்டை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, முன்பாதியை வெனிங் என்ற பெண்ணுக்கு ஆபீசாக வாடகைக்கு விட்டிருக்கிறோம். பின்பாதியில் நான், என் கணவர், அவருக்குப் படிக்கத் தெரியாத என் தமிழ்ப் புத்தகங்கள். அடுக்களை பொது. ஜாவாத் தீவின் மலை ஊரான இந்த மலாங்கில் மத்தியானமானால் மழை வந்துவிடும். மழை வந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அந்த அரைத்தூக்கத்தில், பலகைக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் என் தலைக்குள் நடப்பது போலவே இருக்கும். ஜாவா மொழிப் பேச்சு எனக்குள் தமிழாகத்தான் இறங்கும், கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஆகவே இதில் எது கேட்டது, எது கனவு என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்.

அன்று காதில் விழுந்தது ஒரு சொல். "இங்கி."

பெரியவர்களிடம் இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் 'ஆமாம்' அது. நம் 'சரிங்க' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சரிங்க' போலவே அதற்கும் இரண்டு அர்த்தம். ஒத்துக்கொண்டேன் என்பது ஒன்று. நீங்கள் பேசுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது இன்னொன்று. எது என்று சொல்பவருக்குத்தான் தெரியும். சில சமயம் அவருக்கும் தெரியாது.

கணினித் திரையில் இருந்தவர் சுரபாயா நகரத்துக்காரர், பாக் ஹர்தோனோ, அதாவது ஹர்தோனோ ஐயா. கோழித்தீவன வியாபாரத்தில் சம்பாதித்து, இப்போது இளைஞர்களின் தொழில்களில் முதலீடு செய்கிறவர். குரலில் நல்ல கனிவு. அதுதான் வம்பே.

"அந்தக் கலிஹ் தம்பி இல்லாமலேயே நீ நடத்திடலாமேம்மா."

"இங்கி."

"பணம் போடறவனுக்கு ஒரு முகம் போதும். ரெண்டு முகம் இருந்தா நாளைக்குச் சண்டை வரும்."

"இங்கி."

"அப்ப ஒப்பந்தத்துல உன் பேரை மட்டும் போடச் சொல்லிடறேன்."

"இங்கி, ஐயா."

சாயங்காலமே ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பணம் வரும், அவளோடு சேர்ந்து தொழிலைத் தொடங்கிய கலிஹ் வெளியே. போடாவிட்டால் கடையை மூடிவிட்டு வெனிங் மறுபடியும் வேலை தேடிப் போக வேண்டியதுதான். இதுதான் விஷயம். இதற்கு மேல் நான் உங்களிடம் எதையும் ஒளிக்கப்போவதில்லை.

2

சரி, எழுதத் தொடங்கினேன்.

"எரிமலைகள் சூழ்ந்த அந்தக் குளிர் நகரத்தில், ஓர் இளம் தொழில்முனைவோர் தன் கண்ணாடி ஜன்னலின் வழியே மேகங்களை நோக்கி"

வேண்டாம். என் வீட்டில் கண்ணாடி ஜன்னல் கிடையாது, நான்தான் போட்டுத்தரவில்லை. ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

"தொழில்நுட்பம் என்பது மனித வாழ்வில்"

இது கட்டுரைப் போட்டி. அடுத்தது.

வெனிங்கையே பேசவிடலாம் என்று தோன்றியது. அடுக்களையில் டெம்பே என்ற சோயாக் கட்டியைப் பொரித்துக்கொண்டே அவள் பேசுவாள். கையில் கரண்டி இருந்தால்தான் அவளுக்கு யோசனை ஓடும்.

"அக்கா, வேலை இல்லாம இருக்கறதுகூடப் பரவாயில்ல. பதில் இல்லாம இருக்கறதுதான் கொல்லும். எத்தனை இடத்துக்கு எழுதிப் போட்டேன்! 'நீ வேண்டாம்'னு ஒருத்தன் சொல்லியிருந்தா அவனுக்குக் கோயில் கட்டியிருப்பேன். கம்ப்யூட்டருக்கு அறிவு இருக்கணும்னு எல்லாரும் கிடந்து துடிக்கிறாங்க. எனக்கு அறிவெல்லாம் வேண்டாம். கேட்டவனுக்குப் பதில் சொல்ற மரியாதை இருந்தா போதும்."

"அதுக்குத்தான் இந்தச் செயலியா?"

"அதுக்கேதான். இந்த முதலீட்டுக்காரங்க இருக்காங்களே, அவங்க என்மேல பணம் போடறதா நினைக்கிறீங்களா? என் அவசரத்து மேல போடறாங்க. எண்ணெய் தெறிக்குது, தள்ளி நில்லுங்க."

அவள் செயலியின் பெயர் 'மொங்கோ'. 'வாங்க வாங்க' என்று அர்த்தம். மலாங்கின் கடைகள், விடுதிகள், கேக் செய்யும் இடங்கள், மோட்டார் பட்டறைகள் அதில் ஆள் கேட்கும். வேலை தேடுகிறவர்கள் கைபேசியிலேயே விண்ணப்பிப்பார்கள்.

அவளுக்கு அடிக்கடி ஒரு கனவு வரும் (அவள் சொன்னதா, நான் கண்டதா என்று கேட்கக் கூடாது என்று ஏற்கெனவே பேசியாயிற்று). பெரிய கூடம். கரை தெரியாத அளவு பெரிது. உள்ளே வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்ட பிள்ளைகள், மடியில் பழுப்பு உறை. இங்கே நேர்காணலுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் உடுப்பு. மலைப்பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவர்கள் கணுக்கால்வரை நிற்கிறது. யார் பெயரையும் யாரும் கூப்பிடவில்லை. ஆனால் எல்லார் முகத்திலும் சிரிப்பு, எந்த நிமிஷமும் கூப்பிட்டுவிடுவார்கள் என்று. வெனிங் அவர்களுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டே நடக்கிறாள். அவர்களும் காலை நகர்த்தி வழிவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தப் பத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. இருக்கட்டும்.

3

கலிஹ்* விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு பாத்திரமாக அவன் உதவவே மாட்டான். எந்தக் காட்சியிலும் ஒழுங்காக உட்கார மாட்டான். மேஜைக்கு அடியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு நிரல் எழுதுவான். வெனிங் உருக்கமாக ஏதாவது பேசும்போது குறட்டை வரும். கடைக்காரர்களைப் பார்க்கப் போகச் சொன்னால் வழியில் சூப் குடிக்க நின்றுவிடுவான். சோம்பேறி என்றே எழுதலாம், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அவனை எடுத்துவிட்டு ஒரு படி எழுதிப் பார்த்தேன். தனியாகப் போராடும் ஒரு பெண், ஒரு பணக்காரர், ஒரு கையெழுத்து. கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கே ஆச்சரியம். அப்புறம்தான் உறைத்தது, பாக் ஹர்தோனோ சொன்னதை நான் சம்பளம் வாங்காமல் செய்து கொடுத்திருக்கிறேன். அந்தப் படியைத் தூக்கிப் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் இல்லாவிட்டால் மொங்கோவே இல்லை. ஆரம்பத்தில் செயலியில் இரண்டு பொத்தான்கள்தான். நேர்காணலுக்கு 'வருகிறேன்', 'வரவில்லை'. அழைப்பு போனதும் எல்லாரும் 'வருகிறேன்' என்பதை அமுக்கினார்கள். கடைக்காரர்கள் நாற்காலி போட்டு, தேநீர் வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு ஈ காக்கை வரவில்லை. கடைக்காரர்கள் வெனிங்கைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்கள்.

"இந்தப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பே கிடையாதா?" என்று அவள் கத்தினாள்.

மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "பொறுப்பெல்லாம் இருக்குடி. அழைச்சவங்க முகத்துக்கு நேரா 'வரல'ன்னு எவன்டி சொல்லுவான்? நீ சொல்லுவியா? உங்க அத்தை கல்யாணத்துக்குக் கூப்பிட்டப்ப என்ன சொன்ன?"

"இங்கின்னு சொன்னேன்."

"போனியா?"

"வாயை மூடுடா."

அன்றே மூன்றாவது பொத்தானை வைத்தான், 'பார்க்கலாம்' என்று. வர மனமில்லாதவர்கள் அதைத்தான் அமுக்கினார்கள். 'பார்க்கலாம்' என்றால் வரமாட்டார்கள் என்று கடைக்காரர்களுக்கும் தெரியும், அவர்களும் இந்த ஊர்தானே. யாருக்கும் முகம் சுருங்கவில்லை, நாற்காலியும் வீணாகவில்லை. 'வருகிறேன்' என்றவர்கள் வந்தார்கள். பாக் ஹர்தோனோவுக்கு அந்தப் பொத்தான் பிடிக்கவில்லை. உலகத்தில் எந்தச் செயலியில் இப்படி ஒன்று இருக்கிறது என்று கேட்டாராம்.

* இந்தப் பெயரை உச்சரிப்புப்படி தமிழில் எழுதினால் 'காலி' என்று வரும். அவர்கள் மொழியில் அதற்கு மரத்தின் நடுவைரம் என்று அர்த்தம். முதல் வரியிலேயே அவனைக் காலி செய்ய மனம் வரவில்லை, அதனால்தான் இந்த எழுத்துக்கூட்டல்.

4

சனிக்கிழமை. நல்ல மழை. நான் படுத்திருந்தேன், போர்வை கழுத்துவரை. கலிஹ் மழைச்சட்டையை உதறிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கூடவே இறைச்சி உருண்டை சூப்பின் வாசனை.

"என்னடி மூஞ்சி இப்படித் தொங்குது? சர்வர் படுத்துக்கிச்சா?"

"சர்வர் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நீதான் படுத்துட்ட. சாப்பிடு, ஆறிடும்."

"ஒப்பந்தம் வந்துடுச்சுடா."

"அடிசக்கை! எத்தனை பூஜ்யம்?"

"உன் பேரு அதுல இல்ல."



"தட்டச்சுத் தப்பா இருக்கும்," என்றான்.

"இல்லடா. அவர் கேட்டாரு. நான் இங்கின்னு சொன்னேன்."

"எந்த இங்கி?"

அவள் கிண்ணத்தைத் தள்ளி வைக்கும் சத்தம்.

"காது குடுத்த இங்கியா, கை குடுத்த இங்கியா? சொல்லுடி. காதுன்னா நான் சிரிச்சிட்டு சூப்பைக் குடிக்கிறேன்."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். நான் எழுதுகிற கதைதானே, நானாவது ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் வெனிங் என்ற பெயருக்கே தெளிந்த தண்ணீர் என்று அர்த்தம், எதையும் கலக்கி மறைக்க அவளுக்கு வராது.

"தெரியலடா. மரியாதைக்குன்னுதான் ஆரம்பிச்சேன். அவரு பேசப் பேச எனக்கு ஒரு ஆபீஸ் தெரிஞ்சுது. பெரிய வாசல். அம்மா வந்து ஒவ்வொரு அறையா எட்டிப் பாக்கறாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம், கலிஹ். கடைசி இங்கி சொல்லி முடிச்சப்புறம்தான் நீ எங்கேன்னு தேடினேன். நீ அங்க எங்கயும் இல்ல."

நாற்காலி நகர்ந்தது. மழைச்சட்டை மறுபடி சரசரத்தது.

"சரிங்க," என்றான் கலிஹ். "நீங்க நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க. எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கல்லூரியில் சந்தித்த நாளிலிருந்து இவர்கள் 'வாடா போடி'தான். இந்த மொழியில் கோபம் வந்தால் திட்டத் தேவையில்லை, மரியாதை கொடுத்துவிட்டால் போதும். ஐயோ, அவன் இரண்டு வார்த்தை கத்தியிருக்கலாமே, சூப்பைக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாமே! அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா என்று காதை வைத்துப் பார்த்தேன்.  

5

முடிவு (அ): கையெழுத்துப் போடுகிறாள். பெரிய ஆபீஸ், வரவேற்பில் பூச்சாடி. புதிய ஆட்கள் வந்து 'பார்க்கலாம்' பொத்தானை எடுத்துவிடுகிறார்கள். எல்லாரும் பழையபடி 'வருகிறேன்' என்கிறார்கள், ஒருவரும் வருவதில்லை. பாக் ஹர்தோனோ காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று

இல்லை. இது அவர்மேல் எனக்குள்ள எரிச்சல். எரிச்சலுக்கு எங்கே கதை முடிக்கத் தெரியும்? அந்த மனிதர் பொத்தானை விட்டுவைத்து, மொங்கோ ஜாவா முழுக்கப் போய், நூறு கூடங்கள் நிறைய பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கவும் வாய்ப்பிருக்கிறதே. அப்போது என்ன சொல்வேன்?

முடிவு (ஆ): போடவில்லை. மொங்கோ மூடுகிறது. வெள்ளைச் சட்டையில் அவள் ஒரு நேர்காணல் வரிசையில் நிற்கிறாள், உறையை மார்போடு அணைத்தபடி. பனி. முன்னால் நிற்பவன் திரும்புகிறான், கலிஹ்.

அழகாகத்தான் இருக்கிறது. வாடகை கட்ட முடியாமல் நிற்கிறவளுக்கு என் அழகு எதற்கு? அதுவும் அந்த வாடகை எனக்கு வர வேண்டியது.

6

ஞாயிறு மத்தியானம் அடுக்களைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை.

"எங்களைப் பத்தித்தானே எழுதறீங்க? பலகைக்கு அந்தப் பக்கம் நீங்க தட்டறது எனக்கும் கேக்கும் அக்கா. படிங்க, எப்படி முடிச்சிருக்கீங்கன்னு பாக்கலாம்."

மாட்டிக்கொண்டேன். இரண்டு முடிவுகளையும் அவள் மொழியில் சொன்னேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். வெளியே அப்போதுதான் மழை தொடங்கியது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ரெண்டுலயும் கலிஹ் வாயே திறக்கலியே."

"அவன் என்ன சொல்லுவான்னு எனக்கெப்படிம்மா தெரியும்?"

"எனக்கும் தெரியாது. ஐயாவும் அவனைக் கேக்கல, நீங்களும் கேக்கல. நான்... நான் அவன்கிட்ட தகவல் சொன்னேன், அவ்வளவுதான். போறியா, இருக்கியான்னு நான் கேக்கவே இல்லை அக்கா."

கைபேசியை எடுத்து அவன் எண்ணை அமுக்கி மேஜைமேல் வைத்தாள். மணி போகிறது. அவள் என்னைப் பார்க்கிறாள். அவள் முகத்தில் புதிதாக ஒரு பயம், எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த மொழியில் ஆளைக் குறிக்காமல் வாய் திறக்க முடியாது. 'டேய்' என்று ஆரம்பித்தால் நேற்று ஒன்றுமே நடக்காதது போல ஆகும். அந்த உரிமை இன்னும் அவளிடம் இருக்கிறதா? 'நீங்க' என்று ஆரம்பித்தால் அவன் சாத்திய கதவுக்கு இவள் இந்தப் பக்கம் தாழ் போட்டது போல ஆகும்.

"அக்கா, எப்படிக் கூப்பிட?" என்று உதட்டால் மட்டும் கேட்கிறாள்.

எழுதுகிறவள் என்ற முறையில் நான் ஒரு சொல்லை அவள் வாயில் வைக்கலாம். வைக்க மாட்டேன். அவள் சார்பில் முடிவு செய்ய ஏற்கெனவே ஒருவர் சுரபாயாவில் இருக்கிறார். உங்களிடம்தான் கேட்கிறேன். உங்களுக்கும் ஒருவர் இருப்பார், 'வாடா போடா'வில் இருந்து ஒரு நாள் 'வாங்க'வுக்குப் போய்விட்டவர்.

எடுத்துவிட்டான். 'ஹலோ'கூட இல்லை, மூச்சுதான் கேட்கிறது. டேயா, நீங்களா? சீக்கிரம் சொல்லுங்கள், வைத்துவிடப் போகிறான்.