தலைகீழாக வெட்டிய வெல்வெட்

...ஒரே சுருளில் வெட்டிய திரைத்துணிதான், ஆனால் மேடை விளக்கைப் போட்டதும் இரண்டு நிறம், இடப்பக்கம் மூன்று துண்டும் பளபளவென்று சிவப்பு, வலப்பக்கம் மூன்றும் மழையில் நனைந்த மாதிரி கருஞ்சிவப்பு. வெல்வெட்டின் மயிர் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், ஆறு துண்டுக்கும் அது கீழ்நோக்கி இருக்க வேண்டும், நேற்று மிஷினில் உட்கார்ந்தவளுக்குக்கூடத் தெரிந்த விஷயம், பதினெட்டு வருஷம் கத்தரி பிடித்த எனக்குத் தெரியாதா, மூன்று துண்டு தலைகீழ்! திருப்பி மாட்டலாமென்றால் மேலே வளையத்துக்கு ஓட்டை போட்டாயிற்று, அடியில் வளைவு வெட்டியாயிற்று. என் தையற்கடைக்கு வந்த முதல் பெரிய வேலை, ஐந்து மணிக்கு நாடகம், இப்போது பதினொன்று. அரங்க மேனேஜர் பேயறைந்த மாதிரி நின்றார், யாரு பாத்த வேலைம்மா இது என்றார், நான் யோசிக்கவேயில்லை, வாய் முந்திக்கொண்டது, "அளவு குறிச்சது என் தங்கச்சி சார், மாத்திக் குறிச்சிட்டா." தங்கை பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். குனிந்து, தையல் பிரிக்கிற பிளேடைத் தேடி எடுத்தாள்.

இருக்கட்டும், அவள் குறித்தது தப்புத்தானே... கொஞ்ச நாளாக ஸ்டோயிக் தத்துவம் படிக்கிறேன், நம் கையில் இருப்பதை மட்டும் பார் என்கிற கிரேக்க ஞானம், காலையில் பத்துப் பக்கம், தங்கை எனக்கு ஞானி என்றே பெயர் வைத்துவிட்டாள், ஞானி, பால் பொங்குது, அது உன் கட்டுப்பாட்டுல இருக்கா இல்லையா என்பாள், சிரிப்பாள். இப்போது நான் சிரிக்கிறேன், மேடை நடுவில் தரையில் உட்கார்ந்து, ஏன் சிரிக்கிறேன்? வெட்டிய துணி என் கையில் இல்லை, போனது போனதுதான், ஆனால் இனி என்ன செய்கிறேன் என்பது முழுக்க என் கையில், குறுக்கே விழுந்து கிடப்பது எதுவோ அதன்மேலேயே ஏறிப் போ, சரி, குறுக்கே கிடப்பது என்ன? இரண்டு நிறம். இரண்டு நிறம்! ஒரு சிவப்பு, ஒரு கருஞ்சிவப்பு, ஒரு சிவப்பு, ஒரு கருஞ்சிவப்பு, மாற்றி மாற்றிச் சேர்த்தால்? தப்பு என்று எவன் சொல்வான், வேண்டுமென்றே செய்தது என்பார்கள், ஐயோ, எவ்வளவு அழகாக இருக்கும், "பிரிடி, எல்லாத்தையும் பிரி" என்று கத்தினேன், தங்கை என்னைப் பார்த்தாள், கீழே கிடந்த துண்டுகளைப் பார்த்தாள், அவளுக்கும் புரிந்துவிட்டது, கண் ஒரு நொடி மின்னியது, அவ்வளவுதான், மறுபடி குனிந்துகொண்டாள்.

பிரித்தோம், தைத்தோம், மிஷினை மேடைக்கே தூக்கி வந்து வைத்து, விரல் எரிய, பசி தெரியாமல். கல்யாண வீட்டில் இருப்பவள் மாதிரி இருந்தேன், இந்தத் தப்பு நடக்காவிட்டால் இந்தத் திரை பிறந்திருக்குமா, வாழ்க்கையில் இன்னும் எத்தனை தலைகீழ்த் துண்டுகளை மூலையில் சுருட்டிப் போட்டிருக்கிறேன்... நாலாவது துண்டைப் புரட்டியபோது பின்பக்கம் சாக்பீஸ் அம்பு. மயிரைத் தடவிப் பார்த்து அது படுத்த பக்கமாகத் தங்கை போடுகிற அம்பு, அம்பு நுனிதான் துணியின் அடி. இங்கே நுனி, வளையத்து ஓட்டையைக் காட்டிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு கருஞ்சிவப்புத் துண்டிலும் அப்படியே. அவள் சரியாகத்தான் குறித்திருக்கிறாள். வளைவை மறுமுனையில் வெட்டியது நான், அன்றைக்கு ஒரு சிநேகிதியிடம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினேனே, செய்கிற காரியத்தில் மனம் நிற்க வேண்டும் என்று... சொல்லிவிடலாம், கட்டாயம் சொல்லிவிடலாம், முதலில் இந்தத் தையல் முடியட்டும், நேரமில்லை.

நாலு மணிக்குத் திரையைக் கம்பியில் ஏற்றினோம். விளக்கு விழுந்தது. நான் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன், அப்படி ஓர் அழகு, திரை மூச்சு விடுகிற மாதிரி இருந்தது, விளக்குப் போடுகிறவர்கூட மேலேயிருந்து கை தட்டினார். மேனேஜர் ஓடி வந்தார், "பிரமாதம்மா, அடுத்த அரங்கத்துக்கும் நீங்கதான்" என்றார், பிறகு தங்கை பக்கம் திரும்பிச் செல்லமாகத்தான் சொன்னார், "நீ பண்ணின தப்பை உங்க அக்கா எப்படித் தூக்கி நிறுத்திட்டாங்க பாத்தியா? கத்துக்கோம்மா." தங்கை சரி சார் என்றாள். அம்பு அவள் போட்டது, அவளுக்குத் தெரியாதா, காலையிலிருந்தே தெரிந்துதான் என் எதிரில் உட்கார்ந்து தைத்தாளா... நான் உதட்டில் நாலு குண்டூசியைக் கடித்தபடி இருந்தேன், அதனால்தான் பேச முடியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்தினேன். நான்தான் சார் மாத்தி வெட்டினேன், நாலே வார்த்தை, இதைவிட என் கையில் இருப்பது உலகத்தில் வேறென்ன இருக்கிறது, மேனேஜர் இன்னும் அங்கேதான் நிற்கிறார், தங்கை இன்னும் என்னைத்தான் பார்க்கிறாள், இப்போது என் வாயில் ஒரு குண்டூசிகூட இல்லை.