காயாத மேல்பூச்சு

காலையில் எழுந்ததும் அவன் தண்ணீர் மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும்வரை குளியலறை வாசலிலேயே நின்றான். மோட்டாரை நிறுத்தினான். பல் தேய்த்தான், குளித்தான், முந்தின நாள் போட்டிருந்த சட்டையையே எடுத்து மாட்டிக்கொண்டான். சமையலறை மேடையில் அத்தை தேநீர் வைத்திருந்தார். குடித்தான். அதில் சர்க்கரை இல்லை என்பது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் உறைத்தது.

சாப்பாட்டுப் பை கதவோரம் இருந்தது. தூக்கியபோதே கனம் சரியில்லை என்று தெரிந்தது. திறந்து பார்த்தான். மூன்று டப்பா. அவனுக்கு, மச்சானுக்கு, அவன் மனைவிக்கு. பட்டறை இன்றைக்குத்தான் மறுபடி திறக்கிறது. அத்தையின் கை பழைய வழக்கத்திலேயே மூன்றையும் கட்டிவிட்டிருந்தது. அவன் சத்தமில்லாமல் பையை மூடினான்.

"வரேன் அத்தை."

"பாத்துப் போப்பா." அத்தை அடுப்பைத் துடைத்துக்கொண்டே பேசினார். திரும்பவில்லை. "அன்னிக்கும் இப்படித்தான். செருப்ப மாட்டிக்கிட்டே போயிட்டு வரேம்மான்னா. அவ்வளவுதான். ஒரு நொடியாம்ல, டாக்டர் சொன்னாரே? அவளுக்கே தெரிஞ்சிருக்காதுன்னு."

"ஆமா அத்தை."

"தலைவலின்னாலே வீட்ட ரெண்டாக்குறவ. அவளுக்குப் போய் வலி தெரிஞ்சிருந்தா நான் எப்படி இருப்பேன், சொல்லு."

தினமும் இதைச் சொல்வார். தினமும் அவனும் ஆமாம் என்பான். இதைச் சொல்லி முடித்த பிறகுதான் அத்தை தட்டைப் போட்டுச் சாப்பிட உட்காருவார். அந்த ஒரு நொடி என்ற சொல்லில்தான் அவர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

பட்டறையில் தேய்ந்து போன கார் சீட்டுகளைப் புதுப்பிக்கிறார்கள். தோல் சீட்டு மட்டும்தான். மூன்று பேருக்கும் மூன்று வேலை. பிரிந்த தையலை உருவி மறுபடி தைப்பது மச்சான், அதாவது அவளுடைய அண்ணன். அழுக்கெடுத்து, வெடிப்புகளில் பசை நிரப்பி, தேய்த்து மட்டமாக்குவது இவன். நிறம் அவளுடையது. சீட்டின் தலைமெத்தையைக் கழற்றி, வெயிலே படாத இடத்தைப் பார்ப்பாள். "இதுதான் இது பொறந்த கலர்" என்பாள். பிறகு சொட்டுச் சொட்டாகக் கலந்து, விரல் நுனியில் தொட்டு, தன் மணிக்கட்டிலேயே தடவிப் பார்ப்பாள். வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கையில் நான்கைந்து கார்களின் நிறம் இருக்கும்.

அவன் வேதியியல் படித்தவன். பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் இருந்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தான். அதனால் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கெமிஸ்ட்ரி, அந்த டப்பாவ எடு." "கெமிஸ்ட்ரி, தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற." ஊரார் முன்னாலும் அதே பெயர்தான்.

பட்டறைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. நிறத்துக்கு மேல் மேல்பூச்சு அடித்த பிறகு யாரும் சீட்டைத் தொடக் கூடாது. கண்ணாடி மாதிரியான அந்தப் பூச்சு காய்வதற்குள் ஈ உட்கார்ந்தாலும் தடம் விழும். சட்டம் போட்டவளும் அவள்தான், காவல் நின்றவளும் அவள்தான். ஒருமுறை மச்சான் அசதியில் முழங்கையை ஊன்றிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லியே அவரைப் பல நாள் வறுத்தெடுத்தாள்.

அன்றைக்கு மழை. பல் டாக்டர் ஒருவருடைய பழைய காரில் ஓட்டுநர் சீட்டுக்கு அவள் மேல்பூச்சு அடித்து முடித்தாள். ஈரக்காற்றில் காய நேரமாகும் என்று கார்க் கதவைத் திறந்தே வைத்தாள். இவன் ஸ்பிரே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்சுவர்த் தொட்டிக்குப் போனான். கம்ப்ரசரைப் போட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். கம்ப்ரசர் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதை அவன் நிறுத்தியபோது மச்சானின் அலறல்தான் கேட்டது. நூல் வாங்கப் போனவர் திரும்பி வந்திருந்தார். அவள் காருக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அன்று மாலை யாரோ கார்க் கதவைச் சாத்தி, மேலே உறையைப் போட்டுவிட்டுப் பட்டறையைப் பூட்டினார்கள். இன்றுவரை அப்படியே கிடந்தது.

மச்சான் ஷட்டரைத் தூக்கினார். இவன் சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினான். மச்சான் காரின் உறையை உருவி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.

"எந்தக் கழுதைடா இது!"

இவன் திரும்பிப் பார்த்தான்.

"வந்து பாரு மாப்ள. எவனோ ஈரத்துல உக்காந்து எந்திரிச்சிருக்கான். அன்னிக்கு வந்த கூட்டத்துல எவனோ ஒருத்தன். கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு? அவ மட்டும் இருந்திருந்தா அவன உரிச்சு..."

இவன் குனிந்து பார்த்தான்.

சீட்டின் மெத்தையில் துணியின் நெசவு பதிந்திருந்தது. சாய்மானத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு முடிச்சு. ஏப்ரனைப் பின்னால் கட்டும் முடிச்சு, இரண்டு காதும் ஒரே பக்கம் விழுந்த முடிச்சு. அந்த மாதிரி ஒரே ஒருத்திதான் கட்டுவாள். ஏறி இறங்கித் தேயும் ஓரத்து மேட்டில் ஓர் உள்ளங்கை, நான்கு விரல்கள். ஆள்காட்டி விரலின் நுனியில் ரேகை இல்லை. பொடிப்பொடிப் புள்ளிகள் இருந்தன.

காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் ஓட்டைகள் அவை. அன்று காலை கத்தி பட்ட அவள் விரலுக்கு அவன்தான் ஒட்டிவிட்டான்.

யாரோ இரண்டு காதிலும் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. மச்சானின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் சற்றுப் பொறுத்துத்தான் வந்தது.

"என்ன மாப்ள? ஏன் இப்படி வெளிறிப் போற?"

அவன் விரலை நீட்டிக் காட்டினான். தொடவில்லை.

மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"அவளா? ஈரத்துலயா? சும்மா இரு. அவ உக்கார மாட்டா மாப்ள. செத்தாலும் உக்கார..."

சொல் பாதியில் நின்றது. மச்சான் அப்படியே தரையில் குந்தினார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவனுக்கு அழுகை வரவில்லை. படித்த படிப்பு மட்டும் கேட்காமலேயே வேலை செய்தது. தடுமாறித் தொட்டிருந்தால் பூச்சு மேலாக இழுபட்டிருக்கும். இது இழுபடவில்லை. நெசவின் ஒவ்வோர் இழையும் எண்ணலாம் போல் இறங்கியிருந்தது. எடை அசையாமல் அதன்மேல் இருந்திருக்கிறது. பூச்சு இறுகத் தொடங்கும்வரை இருந்திருக்கிறது. பிறகுதான் கையை ஊன்றி எழப் பார்த்திருக்கிறாள்.

ஒரு நொடி இல்லை.

அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"டேய், என்னடா பண்ற?"

"காஞ்சிருச்சு மச்சான்."

முன்கண்ணாடி வழியே பின்சுவர் தெரிந்தது. தொட்டி, குழாய், கம்ப்ரசர். தொட்டி முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம். அங்கே நின்றால் காருக்கு முதுகுதான் காட்ட முடியும். அன்றைக்கு அந்த முதுகு அவனுடையது. நேர் எதிரே இருந்திருக்கிறது, எதுவும் மறைக்காமல்.

"என் முதுகு தெரிஞ்சிருக்கும்," என்றான்.

மச்சான் கம்ப்ரசரைப் பார்த்தார்.

"கூப்பிட்டிருப்பாளா?"

"கம்ப்ரசர் ஓடிச்சுல்ல."

"ஓடிச்சு."

"அப்புறம் என்ன கேள்வி இது?" மச்சானின் குரல் உடைந்தது. "இறங்கு மொதல்ல. இறங்குடா, உன் காலப் பிடிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து மச்சானின் கைப்பேசி அடித்தது. பல் டாக்டர். அவரிடம், இங்கே வீட்டில் ஒரு துக்கம் என்றுதான் சொல்லியிருந்தார்கள், யார் என்று சொல்லவில்லை. எப்போதும் போல் ஸ்பீக்கர் தேவைப்படாத குரலில் பேசினார்.

"என்னப்பா, நான் வேர் வரைக்கும் தோண்டி ஒரு மணி நேரத்துல அனுப்பிடறேன், நீங்க ஒரு சீட்ட வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? சாயங்காலம் வரலாமா?"

"வாங்க சார்," என்றார் மச்சான். "ரெடியா இருக்கும்."

கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு மச்சான் எழுந்தார். மேசையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து வந்தார்.

"கேளு மாப்ள. இந்த மேல்தோல அப்படியே பிரிச்சு எடுத்துடறேன். நம்மகிட்ட இருக்கற தோல்ல புதுசு வெட்டித் தெச்சுடலாம். அவ கலந்த கலர் பாட்டில்ல மிச்சம் இருக்கும். இத நீ வெச்சுக்க."

"எங்க வைக்க?"

"வீட்ல."

"அத்தை பாப்பாங்க."

"பீரோல வெச்சுப் பூட்டு."

"பீரோவத் தொடைக்கறது யாரு?"

மச்சான் காரைப் பார்த்தார். கத்தியைப் பிடித்தபடி நின்றார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் தையலைப் பார்த்து ஆளைச் சொல்லத் தெரியும் என்பது அவள் அடிக்கும் கேலி. அத்தையும் இந்தப் பட்டறையில் நூல் கோத்தவர்தான். அந்தத் தோலைப் பார்த்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை. நெசவின் ஆழத்தைத் தடவிப் பார்த்தே எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுவார்.

மத்தியானம் வரை இருவரும் காரின் பக்கம் போகவில்லை. மச்சான் ஏற்கெனவே சுற்றிய நூல்கண்டைப் பிரித்து மறுபடி சுற்றினார். இவன் சுத்தமாக இருந்த தூரிகைகளைக் கழுவினான்.

பசி என்று ஒன்றும் இல்லை. நேரமானதால் பையை இறக்கினார்கள். மச்சான் டப்பாக்களை வரிசையாக வைத்தார். மூன்றாவதை வைத்துவிட்டு அதையே பார்த்தார்.

"அம்மாவா கட்டினாங்க?"

"கை மறந்துருச்சு போல."

"திருப்பி எடுத்துட்டுப் போனா?"

"சாயங்காலம் கழுவும்போது தெரியும்."

மச்சான் மூடியைத் திறந்தார். சோறு, அதன்மேல் அவளுக்கு மட்டும் கூடுதலாக வைக்கும் வறுவல். "சாப்பிடு. காலியாத்தான் திரும்பிப் போகணும்."

ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீரைக் குடித்துக் குடித்து இறக்கினார்கள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று முடித்து, அவள் டப்பாவை மச்சான் கழுவிக் கவிழ்த்தார். டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டுவதை இவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எழுந்து போய் நைஸ் உப்புத்தாளை எடுத்தான்.

"யோசிச்சுக்க மாப்ள. தேச்சா திரும்ப வராது."

"தெரியும்."

"நான் வேணா செய்யறேன்."

"தேய்க்கறது என் வேலை மச்சான்."

தாளைத் தண்ணீரில் நனைத்தான். சாய்மானத்து முடிச்சில் தொடங்கினான். அது சீக்கிரம் போய்விட்டது. மெத்தையின் நெசவு நேரம் எடுத்தது. வெள்ளையாகப் பால் மாதிரி கரைந்து வர, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தான். கை தன்பாட்டுக்கு வட்டம் போட்டது. உள்ளங்கை, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். ஆள்காட்டி விரலில் வந்து கை நின்றது. புள்ளிகள் கடுகை விடச் சிறியவை. மச்சான் வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். அவன் தாளைப் புதிதாகக் கிழித்து நனைத்து, அதையும் தேய்த்தான்.

நிறம் இருந்த பாட்டிலை அவள் இறுக மூடி வைத்திருந்தாள். திறக்க மச்சானின் பலமும் வேண்டியிருந்தது. உள்ளே காயாமல் இருந்தது. அடித்தார்கள். பழைய நிறத்தோடு எங்கே சேர்கிறது என்றே தெரியவில்லை. அதன்மேல் அவன் மேல்பூச்சு அடித்தான். அது அவன் கை பழகாத வேலை; ஆனாலும் வழியாமல் வந்தது. கதவைத் திறந்து வைத்தான். வெளியே தூறல் போட ஆரம்பித்தது.

பல் டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவர் காரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடேங்கப்பா! இது என் கார்தானா? எங்கப்பா ஓட்டினப்பகூட இப்படி இல்லப்பா. அந்தப் பொண்ணு எங்க, கலர் போடற பொண்ணு? அது கையிலதான்யா சூட்சுமம் இருக்கு."

மச்சான் தரையைப் பார்த்தார். யாராவது பதில் சொல்வதற்குள் டாக்டர் குடையைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்தார்.

"உக்காராதீங்க!"

பட்டறை அதிர்ந்தது. கத்தியது தான்தான் என்பது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. அவள் போனதிலிருந்து அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வந்ததில்லை. டாக்டர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார். மச்சான் ஓடிவந்து இவன் தோளைப் பிடித்தார்.

"இன்னும் காயல," என்றான். "இன்னும் காயல சார்."

அவளைக் கொண்டுவந்து கிடத்திய அன்று அத்தை அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டார், கடைசியாக உன்னிடம் என்னதான் சொன்னாள் என்று. ஒன்றும் சொல்லவில்லை என்றான். அவள் சொன்னது பட்டறையில் தினமும் சொல்லும் பேச்சுதான். அழுதுகொண்டிருக்கும் தாயிடம் கொடுக்க அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தான். அன்று அவன் ஸ்பிரே துப்பாக்கியோடு தொட்டிப் பக்கம் நடந்தபோது, பின்னாலிருந்து கூப்பிட்டு, அவன் திரும்பியதும் பிளாஸ்திரி ஒட்டிய விரலை ஆட்டி அவள் சொன்னது இதுதான்:

"கெமிஸ்ட்ரி, நீ பாட்டுக்கு வந்து சீட்ல உக்காந்துடாத. இன்னும் காயல."