மிளகாய் வறுத்த ஓடு

அந்த மண் ஓட்டில் நான் மிளகாய் வறுத்தது உண்மைதான். அதற்காக ஒரு மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாவிக்கு அக்கரை போவாரா? யாராவது நியாயம் சொல்லட்டும், கேட்கிறேன்.

என் கணவர் இவர், பெயர் பற்றிக். மட்டக்களப்புக் கச்சேரியில் அரசாங்க எழுதுவினைஞர். குடி இல்லை, சூது இல்லை, வேறு தொடுப்பும் இல்லை. கோப்பி மட்டும்தான். பிள்ளை இல்லாத வீட்டில் மனிதருக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும்தானே என்று ஆரம்பத்தில் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த பிழை. பதுளைப் பக்கம் லொறி ஓடும் ஒருவரிடம் சொல்லிப் பச்சைக் கோப்பிக் கொட்டை எடுப்பார். வழியில் ஆமிக்காரன் அதைக் கொட்டிக் கிளறி, மோந்து பார்த்துவிட்டுத்தான் விடுவான். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இவர் சிரட்டைக் கரியை மூட்டி, மண் வறை ஓட்டை வைத்து, இரண்டு கைப்பிடி கொட்டையைப் போட்டுக் கிண்டத் தொடங்குவார். சூடு ஏற ஏறக் கொட்டை 'டிக் டிக்' என்று வெடிக்கும். அந்தச் சத்தத்தை எண்ணித்தான் ஓட்டை இறக்க வேண்டுமாம். ஒரு நாள் அக்கரையில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நான் ஜெபமாலையும் கையுமாகக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறேன். இவர் குசினி அடுப்படியிலிருந்து, "இவனுகள் கொஞ்சம் பொறுக்க மாட்டானுகளா, கொட்டை வெடிக்கிறது கேக்குதில்ல" என்கிறார்.

வறுத்ததை இடித்து, கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து நூறு வரை எண்ணிவிட்டு, தூளில் ஊற்றித் துணியில் வடிப்பார். மல்லி சேர்க்கக் கூடாது, வேர்க்கொம்புச் சுக்கு சேர்க்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பீற்றிஸ் அக்கா ஒருமுறை குடித்துப் பார்த்துவிட்டு, பயறு அவித்த தண்ணீர் என்றார். நான் போடும் கோப்பியை இவர் ஒரு வாய் குடிப்பார், "கருகல்" என்பார், மிச்சத்தை வாழையடியில் ஊற்றுவார். பத்தொன்பது வருடமாக ஊற்றுகிறார்.

அப்படியிருக்க, தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒரு வியாழக்கிழமை, தாச்சிச் சட்டி கழுவாமல் கிடந்ததால் அவசரத்துக்கு இவருடைய ஓட்டில் செத்தல் மிளகாய் வறுத்துவிட்டேன். கச்சேரியால் வந்தவர் வாசலிலேயே தும்மினார். ஓட்டைத் தூக்கி மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"உறைப்பு ஊறிட்டு. இனி எத்தின தரம் வறுத்தாலும் மிளகாய்தான் மணக்கும்."

சந்தையில் ஓடு இல்லையா? இருக்கிறது. ஆனால் அடி தடிப்பாக இருக்க வேண்டுமாம். அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறாராம். அது வாவிக்கு அக்கரை. எங்கள் கரையில் ஆமி, அந்தக் கரையில் துவக்கோடு இயக்கப் பொடியன்கள். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வெளிக்கிட்டார்.

"சனம் துறையைக் கடக்கப் பயந்து கிடக்கு. நீங்க சட்டிக்குப் போறீங்களா?"

"பின்னேரம் கிறுகி வந்திருவன்."

"வர வேணாம். அங்கேயே ஓட்டைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு இருங்க."

வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டேன்.

அன்று பின்னேரம் அக்கரையில் வெடிச் சத்தம் கேட்டது. துறையை மூடித் தோணியை நிறுத்திவிட்டார்கள். இவர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. துறைக்குப் போய் நின்றேன். சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் துவக்கை ஆட்டித் துரத்தினான். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுப்படி குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இரண்டு கிலோ பச்சைக் கொட்டை இருந்தது. அவ்வளவையும் பெரிய இரும்புத் தாச்சியில் கொட்டினேன். மல்லியையும் வேர்க்கொம்பையும் அள்ளிப் போட்டேன். வரட்டும். வந்து பார்க்கட்டும். வறுக்க ஒரு கொட்டைகூட மிஞ்சாது. புகை தெருவில் இறங்கி ஒழுங்கை முழுக்கப் போயிற்று.

எங்கள் ஒழுங்கையில் அவ்வளவு கோப்பியை மல்லியோடு ஒரேயடியாக வறுப்பது ஒரு காரியத்துக்குத்தான். சாவீட்டுக்கு வருகிற சனத்துக்கு ஊற்றிக் கொடுக்க. எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரம் நினைவில் வரவில்லை.

முதலில் பீற்றிஸ் அக்கா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "எப்பகா செய்தி வந்த?"

"என்ன செய்தி?"

அவருக்குப் பின்னால் கோயில் கதிரைகளுக்குப் பொறுப்பான இராயப்பு அண்ணன், தள்ளுவண்டியில் சனம் உட்கார மடக்குக் கதிரைகளோடு வந்துவிட்டார்.

"இஞ்ச ஒருத்தரும் சாகல்ல. கதிரையக் கொண்டு போங்க."

"ஓம் புள்ள, ஓம்," என்று அவர் அடுத்த கதிரையை விரித்தார்.

கத்தினேன். அகப்பையை ஓங்கினேன். பாவம், தாங்க முடியாமல் பிதற்றுகிறாள் என்று பார்த்தார்கள். இந்தச் சனத்தோடு என்ன செய்வது? அரை மணித்தியாலத்தில் முற்றத்தில் இருபது பேர். பீற்றிஸ் அக்கா நான் வறுத்ததை இடித்து ஊற்றிக் கொடுக்கவும் தொடங்கிவிட்டார்.

ஒருவரும் உண்மையா என்று கேட்கவில்லை. அப்போதுதான் விளங்கியது. வெள்ளிக்கிழமையிலிருந்தே எல்லாரும் இதற்குத் தயாராக இருந்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் இல்லை. அங்கேயே இருங்க என்று சொன்னது நான்தானே. ஒரு கதிரையில் நானும் இருந்துவிட்டேன்.

மத்தியானம் துறையைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு மணிபோல இவர் படலையைத் திறந்தார். காலில் செருப்பில்லை. மேலில் பெனியன் மட்டும். கழற்றிய சேட்டுக்குள் ஓட்டைச் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். கதிரைகளைப் பார்த்தார்.

"ஆருக்கு?"

இராயப்பு அண்ணன் எழும்பித் தன் கதிரையை மடக்கினார். பீற்றிஸ் அக்கா ஒரு தம்ளர் கோப்பியை இவர் கையில் திணித்தார். இவர் ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்து குடித்தார். முகம் சுளிக்கவில்லை. மண்டி வரைக்கும் குடித்தார். இன்னும் வேண்டும் என்று நீட்டியபோது தம்ளர் ஓட்டில் பட்டு டிக் டிக் என்றது.

"நல்லா இருக்கு," என்றார்.

இந்த மனிதர் அக்கரையில் எதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்?

"பொய் சொல்லாதங்க. அது கருகல்."

"இல்ல. நல்லா இருக்கு."

"கருகல் எண்டு சொல்லுங்க." அத்தனை பேருக்கும் முன்னால் இவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "வாழையடியில ஊத்துங்க."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தம்ளரின் அடியைப் பார்த்தார்.

"மல்லி போட்டிருக்காய்," என்றார் மெல்ல. வேறு என்ன குறை என்று நான் விடவில்லை.

"ஓம். மறுகா?"

"தீயும் கூடிட்டு."

"ஓம். மறுகா?"

"இரும்புத் தாச்சியில வறுத்தா இப்படித்தான் கருகும், மார்கிறட்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.